1964-க்கு முன்னா, பின்னா? பழைய லீவர் ரைஃபிள்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் வின்செஸ்டர் நிறுவனத்தின் மாடல் 94 என்ற லீவர் ரைஃபிள் இல்லாத கடையைப் பார்ப்பது அரிது. சில கடைகளில் இரண்டு, மூன்று கூட அடுத்தடுத்துச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நீளம், நிறம், மரக்கட்டை எல்லாம் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். விலைச்சீட்டு மட்டும் ஒத்துப்போகாது. பளபளப்பாக இருப்பது மலிவாகவும், கறுத்துத் தேய்ந்தது விலை கூடியதாகவும் இருக்கும். ஏன் என்று கேட்டால் கடைக்காரர் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "ப்ரீ-64." அதாவது 1964-க்கு முன் செய்யப்பட்டது.

பழைய லீவர் ரைஃபிள் சேகரிப்பில் நுழைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதுதான். அதைப் புரிந்துகொண்டால் எதை மதிக்கிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதும் ஓரளவு பிடிபடும்.

லீவர் என்ன செய்கிறது

விசையைச் சுற்றியும் அதன் பின்னாலும் விரல்களை நுழைக்கும்படி ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். சுட்டு முடித்ததும் அதைக் கீழே, முன்பக்கமாகத் தள்ள வேண்டும். தோட்டாவுக்குப் பின்னால் நிற்கும் உருளையான பாகம் போல்ட். அதற்கு முட்டுக்கொடுத்து நின்ற எஃகுக் கட்டி அப்போது கீழே இறங்கும். முட்டு விலகியதும் போல்ட் பின்னால் நகரும். போகிற போக்கில் காலித் தோட்டாவை இழுத்து வெளியே எறியும், தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியையும் பின்னுக்கு மடக்கி வைக்கும். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் உண்டு. தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், ஸ்பிரிங் ஒன்று அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த தோட்டா வந்து தூக்கி என்னும் பாகத்தின் மேல் ஏறும். லீவரை மேலே இழுத்தால் தூக்கி தோட்டாவை உயர்த்தும், போல்ட் அதைக் குழலுக்குள் செலுத்தும், எஃகுக் கட்டி மறுபடி மேலேறிப் பூட்டிக்கொள்ளும். பழகிய கைக்கு இது ஒரு நொடிகூட ஆகாது. தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்கவும் வேண்டாம்.

தோட்டாக்கள் குழாயில் வரிசையாக நிற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவின் குண்டு முனையும் முன்னால் நிற்கும் தோட்டாவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெடிப்பைத் தொடங்கிவைக்கும் ப்ரைமர் அந்த அடிப்பகுதியின் நடுவில்தான் உள்ளது. குண்டு முனை ஊசியாக இருந்தால், சுடும்போது எழும் உதைப்பில் அது ப்ரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால் இவற்றுக்குத் தட்டை முனை அல்லது மழுங்கிய முனை குண்டுகள்தான். தட்டை முனை காற்றை எதிர்த்துப் போவதால் வேகம் சீக்கிரம் குறையும். ஆக, நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் இவை கெட்டிக்காரத் துப்பாக்கிகள். அதைத் தாண்டினால் திணறும். மேன், பென்சில்வேனியா, நியூயார்க்கின் ஆடிராண்டாக் மலைகள் போன்ற அடர்ந்த காடுகளில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் அதைவிடக் கிட்டத்தில்தான் தென்படும். அந்த வேட்டைக்காரர்களுக்கு இந்த வரம்பு ஒரு குறையாகவே படவில்லை.

சட்டை வியாபாரியும் ஆக்டன் நகரத்துக்காரரும்

ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கி செய்யத் தெரிந்தவர் அல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் சட்டை தயாரித்தவர். நொடித்துப்போன ஒரு துப்பாக்கி நிறுவனத்தை வாங்கி, பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற வினைஞரைப் பொறுப்பில் வைத்தார். ஹென்றி 1860-ல் காப்புரிமை பெற்ற ரைஃபிள் 16 தோட்டாக்களைக் கொண்டது. அதில் தோட்டா நிரப்பக் குழாயின் முன்முனையைத் திறக்க வேண்டும். முன்கட்டையும் கிடையாது, சூடேறிய குழலைக் கையால் பிடிக்க வேண்டியதுதான். 1866-ல் வந்த வடிவத்தில் ரிசீவரின், அதாவது நடு உடலின், பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்தார்கள். தோட்டாவை அதன் வழியே விரலால் தள்ளினால் போதும். அந்தக் கதவு இன்றைக்கும் மாறவில்லை.

1873 மாடல் திரைப்படங்களால் புகழ்பெற்றது. ஆனால் அதன் உள்ளமைப்பு மூட்டுபோல மடங்கி நிமிரும் இணைப்புகளால் ஆனது. பெரிய விலங்குக்கான வலுவான தோட்டாவை அது தாங்காது. அதைத் தீர்த்தவர் யூட்டாவின் ஆக்டனில் அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். அவருடைய 1886 மாடலில் போல்ட்டின் இரு பக்கமும் எஃகுக் கட்டிகள் செங்குத்தாக ஏறி இறங்கிப் பூட்டின. அடுத்து அதையே சுருக்கி 1892. அதற்கடுத்துதான் 1894, அதாவது நம் மாடல் 94.

முதலில் வந்த 94-களும் புகை கக்கும் பழைய கருமருந்துத் தோட்டாவுக்கானவைதான்: 32-40, 38-55 என்று இரண்டு வகை. 1895-ல் வின்செஸ்டர் நிக்கல் கலந்த எஃகில் குழல் செய்து, புகையில்லா வெடிமருந்து அடைத்த 30-30 தோட்டாவை இதில் கொண்டுவந்தது. குண்டின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 2,000 அடியை எட்டியது. புகைமூட்டம் இல்லை, உதைப்பும் அதிகமில்லை, குழலும் சீக்கிரம் கறைபடாது. சுமார் மூன்று கிலோ எடையில், குதிரைச் சேணத்தின் உறையில் செருகினால் துருத்தாத தட்டையான உடம்பு. ஒரு கையால் நடுவில் பிடித்து நாள் முழுக்க நடக்கலாம். இத்தனையும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்ததால் விற்றுத் தீர்ந்தது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927-ல் அதிபர் கூலிட்ஜுக்கும், பதினைந்து லட்சமாவது 1948-ல் ட்ரூமனுக்கும், இருபது லட்சமாவது 1953-ல் ஐசன்ஹோவருக்கும் போனது. மொத்தத்தில் 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "தாத்தா காலத்து வின்செஸ்டர், அபூர்வமானது" என்று யாராவது விலை ஏற்றினால் உதவும். வேட்டை ரைஃபிள்களில் இதைவிடச் சாதாரணமாகக் கிடைப்பது குறைவு.

1964-ல் நடந்தது

பழைய 94-ன் பாகங்கள் உருக்கிரும்பை அடித்து உருவாக்கி, பிறகு கடைந்து செதுக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் பல கட்ட வேலை, அதோடு கைத்தேர்ச்சியும் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூலி ஏறியது, போட்டி நிறுவனங்கள் மலிவாகச் செய்யும் வழிகளைக் கண்டுபிடித்தன. வின்செஸ்டரை 1931-லிருந்து வைத்திருந்த ஆலின் குடும்ப நிறுவனம் செலவைக் குறைக்க முடிவெடுத்தது. 1964-ல் சந்தைக்கு வந்த 94-ல் தோட்டாவைத் தூக்கும் பாகம் தகட்டில் அச்சடித்து மடக்கியதாக இருந்தது. திடமான ஆணிகள் போய், சுருட்டிய தகடாலான உள்ளீடற்ற ஆணிகள் வந்தன. ரிசீவரின் உலோகக் கலவையும் மாறியது. துருவைத் தடுக்க எஃகில் ஏற்றும் வழக்கமான கருநீலப் பூச்சை, அதாவது நீலத்தை, அது ஏற்காததால் மேலே வேறொரு பூச்சு கொடுத்து நிறம் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தப் பூச்சு போய்விட்டால் சாதாரணப் பட்டறையில் மறுபடி நிறமேற்றுவது கடினம். செய்தால் ஊதாவாகவோ திட்டுத்திட்டாகவோ வரும்.

வேட்டைக்காரர்கள் கையில் வாங்கி லீவரை ஆட்டிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். பழையது வழுக்கிக்கொண்டு ஓடும், புதியது தகரம் உரசுவதுபோல் சத்தமிடும். நிறுவனம் சில ஆண்டுகளிலேயே சில பாகங்களைத் திருத்தியது. ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

என் கருத்தைக் கேட்டால், சுடுவதற்கு வாங்குகிறவர் 64-க்குப் பிந்தையதைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. குறி தவறுவதில்லை, மான் விழுவதிலும் வித்தியாசம் இல்லை. சேகரிப்பவருக்குத்தான் இந்தக் கோடு. கடைந்து செதுக்கப்பட்ட கடைசித் தலைமுறையை அவர் தேடுகிறார், அதற்கே கூடுதல் காசு கொடுக்கிறார்.

எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது எளிது. 94-ன் சீரியல் எண் ரிசீவரின் அடியில், முன்கட்டை தொடங்கும் இடத்தை ஒட்டி இருக்கும். அது 27 லட்சத்தைத் தாண்டினால் 64-க்குப் பிந்தையது. துல்லியமான ஆண்டு தேடும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் முரண்படும். தொழிற்சாலையின் பாலிஷ் அறைப் பதிவேட்டை ஆதாரமாகக் கொண்ட பட்டியலைத்தான் விவரமறிந்தவர்கள் ஏற்கிறார்கள்.

தேய்மானத்தைப் படிப்பது

புதியவர் தடுக்கி விழும் இடம் இது. பழைய துப்பாக்கி என்றால் துடைத்து, மெருகேற்றி, புதிதுபோல் ஆக்கினால் மதிப்பு கூடும் என்று தோன்றும். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே கதை நேர்மாறு. தொழிற்சாலையிலிருந்து வந்த பூச்சு, எவ்வளவு குறைந்த அளவில் மிஞ்சியிருந்தாலும், விலையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஒருமுறை தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

நேர்மையான தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும் ரிசீவரின் அடிப்பகுதியில் நீலம் போய் வெள்ளியாகவோ பழுப்பாகவோ இருக்கும். லீவரில் விரல் படும் இடம், உறையில் உரசும் குழல் முனை, கதவின் விளிம்பு ஆகியவையும் அப்படியே. குழலின் மேல்புறமும் மூலைகளும் கைபடாததால் அங்கே நீலம் தங்கியிருக்கும். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து 94-களில் ரிசீவரின் நீலம் செதில் செதிலாக உதிர்ந்திருப்பதும் உண்டு. பார்க்க அசிங்கம், ஆனால் அது அசல் என்பதற்கு நல்ல சாட்சி. கைபட்ட இடத்திலும் படாத இடத்திலும் ஒரே சீராகக் கருநீலம் மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம் வந்தால் எழுத்துகளைப் பாருங்கள். மெருகுச் சக்கரத்தில் கொடுத்த உலோகத்தில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கி, சில எழுத்துகள் ஆழமின்றி மங்கியிருக்கும். ரிசீவரின் கூர்மையான விளிம்புகள் உருண்டிருக்கும். திருகாணித் துளைகளைச் சுற்றிச் சின்னக் குழிவு விழுந்திருக்கும். மரமும் காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலையில் மரத்தை உலோகத்தைவிட மயிரிழை மேலே நிற்கும்படி பொருத்துவார்கள். தேய்த்துப் புதுப்பித்த கட்டை உலோகத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இறங்கியிருக்கும். பிறகு திருகாணித் தலைகள். பொருந்தாத ஸ்குரூடிரைவரால் திருகி வாய் பிளந்திருந்தால், யாரோ அவசரக்காரர் உள்ளே கை வைத்திருக்கிறார் என்று பொருள்.

கூடுதல் துளை இன்னொரு பாதகம். டெலஸ்கோப் மாட்டுவதற்காகப் பல அப்பாமார்கள் ரிசீவரில் துளையிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது வேட்டைக் கருவி, அவர்கள் செய்தது தவறே இல்லை. சேகரிப்பு மதிப்பு மட்டும் அந்தத் துளை வழியாக ஒழுகிவிடும்.

கடைசியாகக் குழலின் உட்புறம். பழைய ப்ரைமர்கள் வெடித்ததும் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். அன்றன்றே தண்ணீர் விட்டுக் கழுவாதவர்களின் துப்பாக்கிகளில் குழிகுழியாக இருப்பது அதனால்தான். விளக்கொளியில் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

வின்செஸ்டருக்கு வெளியே

நியூ ஹேவனிலேயே போட்டிக்கு நின்றவர் ஜான் மார்லின். வின்செஸ்டர் காலித் தோட்டாவை மேலே எறியும். மார்லின் பக்கவாட்டில் எறியும், ரிசீவரின் மேல்பக்கம் மூடியது. 1948-ல் வந்த மார்லின் 336-க்கு டெலஸ்கோப் காலத்தில் இதுவே பெரிய வரம் ஆனது. இங்கேயும் ஒரு கோடு உண்டு. ரெமிங்டன் 2007-ல் மார்லினை வாங்குவதற்கு முன் வந்தவற்றின் குழலில் ஜே.எம். என்ற முத்திரை இருக்கும். கைமாறிய புதிதில் வந்த சிலவற்றின் தரம் சரிந்ததால், ஜே.எம். முத்திரையைத் தேடி வாங்குகிறார்கள். இன்று மார்லின் ரூகர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டுமல்ல, சேவேஜ் 99. ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சேவேஜ் நியூயார்க்கின் யூட்டிகாவில் செய்தது. 1899 என்ற பெயரில் தொடங்கி 1990-கள் வரை ஓடியது. வெளியே சுத்தி கிடையாது. தோட்டாக்கள் குழாயில் நிற்பதற்குப் பதிலாக, ரிசீவருக்குள் சுழலும் பித்தளை உருளையில் வட்டமாக அமரும். ஒன்றை ஒன்று குத்தும் பேச்சே இல்லை, எனவே கூர்முனைக் குண்டு போடலாம். லீவர் ரைஃபிளுக்கு என்றே இருந்த தூர வரம்பை இது உடைத்தது. 1915-ல் இதற்காக வந்த 250-3000 தோட்டாவின் பெயரில் உள்ள 3000, நொடிக்கு 3,000 அடி வேகத்தைக் குறிப்பது. இடப்பக்கத்தில் சின்னத் துளை ஒன்று உண்டு. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று அதில் எண் தெரியும். வாங்கும்போது ரிசீவரிலிருந்து பின்னோக்கி நீளும் வால் போன்ற இரும்பு முடியும் இடத்தில், பின்கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாடலின் பரம்பரை நோய் அது.

நினைவுப் பதிப்புகள் பற்றி ஒரு வார்த்தை. 1960-களிலிருந்து வின்செஸ்டர் வெளியிட்ட பஃபலோ பில், நடிகர் ஜான் வேய்ன் போன்றோர் பெயரிலான அலங்காரப் பதிப்புகள் ஏராளம். பொன்முலாம், பதக்கம், பெட்டி எல்லாம் உண்டு. முதலீடு என்று நம்பி வாங்கி அலமாரியில் பூட்டியவர்கள் பலர். எல்லாரும் பூட்டி வைத்ததால் எதுவும் அபூர்வமாகவில்லை. லீவரை ஒருமுறை ஆட்டினாலே கீறல் விழுந்து மதிப்புக் குறையும் என்பதால் ஆட்டியும் பார்க்க முடியாது. ஆசைப்பட்டு வாங்குவது வேறு. தொடக்கக்காரருக்கு நான் சொல்லமாட்டேன்.

சட்டம், பாதுகாப்பு, பதிவேடு

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது தொல்பொருள் வகை, துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. ஐம்பது ஆண்டு கடந்து, அசல் நிலையில் இருப்பவற்றை வாங்கச் சேகரிப்பாளர்களுக்கு என்று தனி உரிமம் உண்டு. சேகரிப்பாளர்கள் ஒதுக்கிய 64-க்குப் பிந்தைய முதல் வரிசைகளும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன என்பது வேடிக்கை. மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். குடியிருக்கும் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் படித்து ரசிக்கும் விஷயம்தான். 1972-ன் வனவிலங்குச் சட்டத்தால் வேட்டை முடிந்துபோன கதை. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது.

கையில் எடுத்ததும் முதல் வேலை, குண்டு இல்லை என்று உறுதி செய்வது. லீவரைத் திறந்து குழலின் பின்வாயைப் பார்த்தால் மட்டும் போதாது. அடிக்குழாயில் தோட்டா மறைந்திருக்கும், லீவரை மூடும்போது அதுவே மேலேறும். பழைய 94-களில் தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது, சுத்தியைப் பாதி மடக்கி நிறுத்துவதுதான் பாதுகாப்பு. சுத்தியை அந்த நிலையில் பிடித்து நிறுத்தும் பள்ளம் தேய்ந்திருந்தால் அதையும் நம்ப முடியாது. சுட நினைத்தால் முதலில் துப்பாக்கி வினைஞரிடம் காட்டுங்கள். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் பெயரும் அப்படியே பொருந்த வேண்டும். பழைய குழல்களில் உள்ள 30 டபிள்யூ.சி.எஃப். என்பதும் 30-30-யும் ஒன்றே. ஆனால் 303 சேவேஜும் 303 பிரிட்டிஷும் வெவ்வேறு. எண் ஒன்று என்பதற்காக மாற்றிப் போடக்கூடாது.

உங்களிடம் இருப்பது பழைய எண்ணாக இருந்தால் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். வின்செஸ்டரின் தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. 1894 மாடலில் 3,53,999 வரையிலான எண்களுக்கு, எந்தத் தோட்டா, என்ன வகைக் குழல், எந்த நாளில் கிடங்கிலிருந்து வெளியேறியது என்று கட்டணத்துக்குக் கடிதம் தருவார்கள். எண்கோணக் குழல் என்று விற்பனையாளர் பெருமையாகக் காட்டும் துப்பாக்கி, பதிவேட்டில் உருண்டைக் குழல் என்று இருந்தால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். பெரிய தொகை கேட்கும் துப்பாக்கி என்றால் கடிதம் கையில் வரும் வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். ஒரு மழைக்காலம் போதும், நூறு ஆண்டு தாங்கிய நீலத்தில் துரு பூக்க.